போர்டில் எழுதக் கூடாதவர்

"நாளை முதல் ப்ளஸ் ஒன் கணக்குக்கு பெங்களூரிலிருந்து ஃபேக்கல்டி வருகிறார். இப்போதுள்ள ஆசிரியர்கள் டியூட்டர்களாகத் தொடர்வார்கள். டியூட்டர்கள் போர்டில் எழுதக் கூடாது."

ஓசூரில் என் மனைவி வேலை பார்த்த தனியார் பள்ளியின் வாட்ஸப் குழுவில், ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றின் மாலையில் வந்த செய்தி இது. எதையும் தேதி போட்டு எழுதிவைக்கிறவன் என்பதால் அன்றே டைரியில் நகலெடுத்தேன்.

நீட், ஜேஇஇ பயிற்சி தரும் ஒரு நிறுவனத்தோடு பள்ளி கைகோத்திருந்தது. நான் அகராதிகளைப் புரட்டினேன். டீச்சர் என்றால் பள்ளியில் கற்பிப்பவர். டியூட்டர், ஒருவருக்கோ சிலருக்கோ பக்கத்தில் இருந்து சொல்லித் தருபவர். கோச், போட்டிக்குத் தயார் செய்பவர். ஃபேக்கல்டி என்பது ஒரு துறையின் ஆசிரியர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்வது. நம் பக்கத்தில் மட்டும் அது தனி ஆளாகக் காரில் வந்து இறங்குகிறது. இந்தச் சொற்களில் எதுவும் தாழ்ந்ததில்லை. தாழ்த்தியது பள்ளி. ஃபேக்கல்டிக்கு ஏசி அறை. டியூட்டருக்குக் கடைசி பெஞ்சு ஓரம் ஒரு ஸ்டூல். மனைவியிடமிருந்த மார்க்கர்களைக்கூட ஆபீசிலிருந்து வந்து வாங்கிப் போனார்கள்.

அந்த ப்ளஸ் ஒன் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பிலிருந்து கணக்குச் சொல்லித் தந்து அவள் கூட்டி வந்தவர்கள். அந்த வகுப்பைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு மாலை, ஸ்டடி நேரத்தில் பாதி வகுப்பு ஒரே கணக்கில் சந்தேகம் கேட்டது. ஒவ்வொரு நோட்டாகப் போட்டுக் காட்டி மாளவில்லை. ஒரு பெண் கேட்டாளாம்: "மிஸ், நீங்க இப்ப டியூட்டராமே. மிஸ்னு கூப்புடலாமா, அதுக்கும் பர்மிஷன் வாங்கணுமா?" எல்லோரும் சிரிக்க, என் மனைவியும் சிரித்தபடி எழுந்து, ஃபேக்கல்டி விட்டுப் போன மார்க்கரால் போர்டில் எழுதிவிட்டாள்.

மறுநாள் காலை குழுவில், வகுப்பறைக் கண்காணிப்புக் கேமராவில் பதிவான ஒரு படம் வந்தது. போர்டு அருகே நிற்கும் அவளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களே அதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

தாளாளரைப் பார்க்க அவளோடு நானும் போனேன். உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார்.

"மேடம் மேல தப்பு சொல்லல சார். போர்டுகிட்ட ஃபேக்கல்டி நின்னாத்தான் பேரன்ட்ஸுக்கு நம்பிக்கை."

"அப்ப நான் யாருங்க சார்?" என்றாள் இவள்.

"டியூட்டர் புடிக்கலன்னா மென்டார்னு போட்டுக்கலாம். ஃபெசிலிடேட்டர்னுகூட இருக்கு. எது வேணும்னு சொல்லுங்க மேடம், இன்னிக்கே கார்டு அடிச்சுத் தர்றேன்."

துணிக்கடையில் நிறம் எடுத்துப் போடுகிறவரின் குரல் அது.

"எனக்கு வகுப்பு வேணும்."

"அது ஒண்ணு மட்டும் கேக்காதீங்க."

அவள் கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். கிளம்பும்போது அவர் என்னிடம் கைநீட்டினார். நானும் கொடுத்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தக் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இப்போது கெலவரப்பள்ளி பக்கம் ஒரு சிறிய பள்ளியில் இருக்கிறாள். எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். ஆனால் அங்கே எட்டாம் வகுப்போடு சரி. அவள் விட்டு வந்த பிள்ளைகளுக்கு, தசரா விடுமுறையோடு அந்த ஃபேக்கல்டி நின்றுவிட்டதாகவும், கணக்குப் பாடம் வீடியோவில் ஓடுவதாகவும் ஒரு பெற்றோர் சொன்னார். பள்ளிக்குப் போன் செய்தால் ஃபேக்கல்டி வகுப்பில் இருக்கிறார் என்கிறார்கள். எது உண்மை என்று நான் இன்னும் உறுதி செய்யவில்லை.