சங்கிலி மாட்டின இடம்

அந்தோனிப்பிள்ளை ஹெக்டர், பிறப்பு 1968. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். வசிப்பிடம் திருகோணமலை, அன்புவழிபுரம். மனைவி கிறிஸ்டின், பிறப்பு 1970. 2019 ஜூலையில் சிறுநீரக நோயால் காலமானார். மகள் தினுஷா, தாதி. 'நங்கூரம்' இசைக்குழு, துறைமுகத் தொழிலாளர் ஐவரால் 1979 இல் தொடங்கப்பட்டது. வெளியிட்ட ஒலிநாடா ஒன்றே: 'உப்புக்காற்று', 1983, எட்டுப் பாடல்கள். கடைசிக் கச்சேரி 1984 ஓகஸ்ட், தேவாலய மண்டபத்தில். அடுத்த ஆண்டு குழு கலைந்தது.

அந்தக் கடைசிக் கச்சேரியை ஹெக்டர் மண்டபத்துக்குள் மூன்றாம் வரிசைக் கதிரையில் இருந்து கேட்டவர். கிறிஸ்டினைக் கச்சேரிக்குப் போக வீட்டில் விடவில்லை; பூசைக்குப் போவதாகச் சொல்லி வந்து, மண்டபத்து மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டவர். அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது. ஆறு ஆண்டுகள் கழித்து, கலவரத்தில் இடம்பெயர்ந்து மூதூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இரு குடும்பங்களும் ஒரே பாடசாலைக் கட்டடத்தில் தங்க நேர்ந்தபோதுதான் பேச்சு வந்தது. அதுவும் சண்டையாகவே வந்தது. கச்சேரியை முதலில் தொடக்கிவைத்த பாட்டு எது என்பது வழக்கு. உள்ளே இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா என்று ஹெக்டர் கேட்டார். உள்ளே இருந்தவர்கள் பாட்டைப் பார்த்தவர்கள், வெளியே நின்றவர்கள்தான் கேட்டவர்கள் என்றார் கிறிஸ்டின். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை. தீர்ந்துவிட்டால் பேச என்ன இருக்கிறது என்ற பயம் இருவருக்கும் இருந்திருக்கலாம்.

1993 இல் கிறிஸ்டினின் உறவினர் ஒருவர் அந்தக் கிராமத்தில் ஓர் இரவு தங்கினார். அவருடைய பையில் 'உப்புக்காற்று' இருந்தது. காலையில் அவர் வள்ளம் ஏறிவிடுவார், நாடாவும் போய்விடும். கிராமத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி போர்க்காலத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். இரண்டு பழைய றெக்கோடர்கள் இரவலாகக் கிடைத்தன. ஒன்றுக்குப் போதுமான பற்றறிகளை எங்கெங்கோ கெஞ்சி வாங்கி, அதைப் பதிவுசெய்யும் கருவி ஆக்கினார் ஹெக்டர். பாட வேண்டிய மற்றக் கருவிக்கு சைக்கிள் டைனமோதான் கதி. பதிவதற்கு வெற்று நாடா இல்லாதபடியால், கிறிஸ்டினின் சித்தப்பாவுடைய பிரசங்க நாடா ஒன்றின், மறுபதிவைத் தடுக்க உடைத்திருந்த மூலையில் கடதாசி அடைத்து எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பின்சில்லைச் சுழலவிட்டபோது, வயர்களைப் பிடித்துக்கொள்ள ஒருவர், மிதிக்க ஒருவர் என்று வேலை இரண்டாகப் பிரிந்தது. வயர் வேலை ஹெக்டருக்குத்தான் தெரியும். ஆகவே மிதித்தவர் கிறிஸ்டின்.

கருவிகள் இரண்டும் வயரால் இணைக்கப்பட்டிருந்தமையால் வெளிச்சத்தம் எதுவும் நாடாவில் ஏறவில்லை. சிரிப்பு ஏறவில்லை, திட்டு ஏறவில்லை. ஏறியது மிதிப்பு மட்டுந்தான். அவர் வேகமாக மிதித்த இடத்தில் பாட்டு ஒரு சுருதி உயர்ந்தது. களைத்த இடத்தில் தாழ்ந்து இழுபட்டது. முதற்பாட்டு நேராகப் போயிற்று. இரண்டாவதின் நடுவில் இருக்கையைச் சரிசெய்ய எழுந்து அமர்ந்தார். கிற்றார் ஒருமுறை விம்மியது. நாலாம் பாட்டில், இரண்டாவது சரணம் முடியும் இடத்தில், பாவாடை சங்கிலியில் மாட்டிச் சில்லு நின்றது. பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கி ஓய்ந்தது. ஹெக்டர் ஓடிப்போய்ப் பாவாடையை எடுத்துவிட்ட பின், குரல் அதே கிணற்றிலிருந்து ஏறிவந்தது. ஏழாம் பாட்டு முழுவதும் களைப்பு. நான் மிதிக்கிறேன், நீர் இறங்கும் என்று ஹெக்டர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கடைசிப் பாட்டில் வீம்புக்கு விரட்டி மிதித்ததில், ஐந்து ஆண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் கீச்சுக்குரலில் பாடி முடித்தார்கள்.

"பாடினது அவையள், ஓட்டினது நான்" என்று கிறிஸ்டின் பின்னாளில் சொல்லுவார்.

1995 தையில் திருமணம். ஆண்டுதோறும் அந்த நாளில் நாடாவை ஒருமுறை, ஒரேயொரு முறை, போட்டுக் கேட்பது வழக்கமாயிற்று. அடிக்கடி ஓடவிட்டால் தேய்ந்துவிடும் என்று பயம். தினுஷா பிறந்து வளர்ந்ததும் அவளும் கூட இருந்து கேட்டாள். நாலாம் பாட்டில் குரல் ஓயும் இடத்துக்கு அந்த வீட்டில் 'சங்கிலி மாட்டின இடம்' என்றே பெயர். அது பிழை என்று அவளுக்கு நெடுநாள் தெரியாது. பாடசாலையில் யாரோ அந்தப் பாட்டைச் சரியாகப் பாடியபோது, பிழையாகப் பாடுகிறாய் என்று சண்டைக்குப் போய்விட்டு வந்தவள்.

கிறிஸ்டின் இறந்த பின்னரும் ஹெக்டர் தை மாதத்தில் நாடாவைப் போட்டார். கிறிஸ்டினின் குரல் எந்த நாடாவிலும் இல்லை. படங்களில் அவர் அசையாமல் நின்றார். கால்கள் மட்டும் அந்த நாடாவில் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தன.

பின்னர் ஒரு ஆண்டு, நாடாவை வெளியே எடுத்தபோது கருவியில் நாடா உரசும் தலைப்பகுதியில் மண்ணிறத் தூள் படிந்திருந்தது. நாடா உதிரத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு அவர் இரண்டாம் பக்கத்தைப் போடவில்லை. அப்படியே மூடி அலுமாரியில் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பல நாட்கள் திரிந்தார்.

நங்கூரம் ரசிகர்களுக்கென்று வட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. திருகோணமலை, மூதூர், கட்டார், கனடா என்று சிதறிக் கிடந்தவர்கள், இருக்கிற நினைவுகளைக் கொண்டு அங்கே கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார்கள். எந்தக் கச்சேரியில் றம்ஸின் தோல் கிழிந்தது, எந்த ஊரில் மழை வந்தும் சனம் எழும்பவில்லை, எட்டுப் பாட்டில் எது முதலாவது என்று நாள்தோறும் வழக்கு. ஆனால் நாடா யாரிடமும் இல்லை. பாடல்கள் அவரவர் தலைக்குள் மட்டுமே இருந்தன. அங்கே ஹெக்டர், தன்னிடம் ஒரு பழைய பிரதி உள்ளதென்று எழுதி, இரண்டாம் பாட்டின் சிறு துண்டைக் கைபேசியில் பிடித்துப் போட்டார். அது எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. சைக்கிளையும் பாவாடையையும் அத்தனை பேர் முன்னிலையில் வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

முதலில் எல்லோரும் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள். பின்னர் கட்டாரிலிருந்து ஒருவர், பாடகர் அண்டைக்குக் கள்ளுக் கொஞ்சம் கூடப்போட்டிட்டார்போல என்று எழுதினார். பகிடி தொற்றிக்கொண்டது. ரொறன்ரோவிலிருந்த சுலோஜனா மட்டும் சிரிக்கவில்லை. நங்கூரத்தில் பேஸ் கிற்றார் வாசித்தவரின் தங்கை அவர். அண்ணன் ஜேர்மனியில் இறந்து கனகாலம். இது தன் அண்ணனின் வாசிப்பே அல்ல, அண்ணன் ஒருநாளும் தாளம் தவறியவரல்ல என்று எழுதினார். எழுத்தில் வருத்தம் தெரிந்தது.

இதையெல்லாம் வாசித்து மனம் பொறுக்காமல் போனவர் மூதூர் நௌபர். முன்பு பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தவர், இப்போது அதே கடையில் கைபேசி திருத்துகிறார். நாடாவிலிருந்து கணினிக்கு ஏற்றும் வேலை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. நாடாவைத் தன்னிடம் தரும்படி அவரே ஹெக்டரிடம் கேட்டார். ஹெக்டர் நாடாவைச் சவர்க்காரப் பெட்டிக்குள் பஞ்சு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். "கவனம் தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்று தோன்றியது. உள்ளதை உள்ளபடி ஏற்றுவதுதானே வேலை.

இரண்டு நாளில் நௌபரிடமிருந்து செய்தி வந்தது: இரண்டு பக்கமும் ஏறிவிட்டது, மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம் பத்து செக்கன், அல்ஹம்துலில்லாஹ். அன்றிரவு ஹெக்டர் நிம்மதியாக உறங்கினார். மகளுக்கும் சொன்னார், அம்மாவைக் காப்பாற்றியாச்சு என்று.

அதன்பின் மூன்று கிழமை நௌபரிடமிருந்து சத்தமில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எட்டுப் பாடல்களும் குழுவில் வந்து விழுந்தன.

ஹெக்டர் அவற்றை வேலைத்தலத்தில், பாரந்தூக்கியின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து கேட்டார். கீழே கப்பலுக்கு இன்னும் ஆட்கள் வரவில்லை. முதற்பாட்டு வந்தது. இரண்டாவது வந்தது, கிற்றார் விம்மவில்லை. நாலாவதின் இரண்டாம் சரணத்துக்கு அவர் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். பாடகர் நிற்காமல், ஏதுமறியாதவர்போல், மூன்றாம் சரணத்துக்குள் போய்விட்டார். ஏழாம் பாட்டில் களைப்பில்லை. எட்டாவதில் வீம்பில்லை. ஐந்து ஆண்கள் திடகாத்திரமாகப் பாடினார்கள். மிக நல்ல இசைக்குழு அது.

குழுவில் செய்திகள் மழைபோல் கொட்டின. கள்ளுப் பகிடி விட்டவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். சுலோஜனா குரற்செய்தி அனுப்பியிருந்தார். நெடுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம், பின்னர் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஹெக்டர் அண்ணா, நாப்பது வருசத்துக்குப் பிறகு என்ர அண்ணாட விரலைக் கேட்டனான். உங்களுக்கும் நௌபருக்கும் கடவுள் குறை விடமாட்டார்."

அடுத்த ஞாயிறு ஹெக்டர் மூதூர் பஸ்ஸில் ஏறினார். கிண்ணியாப் பாலம் கடக்கும்வரை, நௌபரிடம் எப்படிக் கேட்பது என்று வசனங்களை ஒழுங்குபண்ணிக்கொண்டே போனார். முதலில் ஏற்றியது, அந்தத் திருத்தாதது, அவரிடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிவிட்டால் போதும். உலகம் திருத்தியதைக் கேட்கட்டும்.

நௌபர் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணிக்கு ஆளனுப்பினார். முகம் பூரித்திருந்தது. ஒரு பாட்டுக்கு இரண்டு இரவு என்று இருந்து, ஒவ்வொரு வரியாய்ச் சுருதி பார்த்துச் சரிக்கட்டிய கதையைச் சொன்னார். ஹெக்டர் அண்ணனின் நாடாவை அவர்கள் பகிடி பண்ணியதில் தனக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

ஹெக்டர் மெல்ல, முதல் ஏற்றியதைப் பற்றிக் கேட்டார். நௌபர் இல்லையென்று தலையசைத்தார். கணினியில் இடம் போதாது. திருத்தத் திருத்த அதற்கு மேலேயே சேமித்துக்கொண்டு போனார். நாடாவோ கடைசித் தடவையாக ஓடியது, ஏற்றிய அன்றைக்குத்தான். மேசை லாச்சியிலிருந்து சவர்க்காரப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். நாடா பல இடங்களில் கண்ணாடிபோல வெளிறிக் கிடந்தது. பஞ்சு முழுவதும் மண்ணிறத் தூள்.

"நாலாம் பாட்டுத்தான் என்னைக் கொண்டுபோட்டுது அண்ணன்" என்றார் நௌபர். "ஒரு இடத்தில பாட்டு அப்படியே நிண்டுபோச்சு. மறுகா எழும்பி வருது. நிண்டதை வெட்டி எறிஞ்சிட்டு, ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒட்டினன். ஒட்டின இடம் உங்களுக்கே தெரியாது. தெரிஞ்சுதா?"

ஹெக்டர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் கதையைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இந்த மனிதன் இனி எந்த இரவும் உறங்கமாட்டான். சுலோஜனாவுக்குத் திரும்பக் கிடைத்த அண்ணனின் விரல்களையும் கறைப்படுத்தியதாகிவிடும்.

"தெரியேல்ல தம்பி" என்றார். "வடிவா ஒட்டியிருக்கிறீர்."

"ஏதும் குறையெண்டால் சொல்லுங்க. நமக்குள்ள என்ன?"

"ஒண்டுமில்லை. ஒரு நன்றி சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான்."

சவர்க்காரப் பெட்டியை மடியில் வைத்தபடி திரும்பிவந்தார். பாலத்தில் காற்று அடித்தபோது மூடியைக் கையால் பொத்திக்கொண்டார்.

தை மாதம் அந்த நாள் வந்தது. வைத்தியசாலையிலிருந்து தினுஷா நேரத்தோடு வந்துவிட்டாள். வழக்கத்தை விட மனமில்லாமல் ஹெக்டர் கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பாட்டைப் போட்டார். திருத்தியதை அவள் இதுவரை கேட்கவில்லை, அவரும் சொல்லியிருக்கவில்லை. குசினியில் கோப்பை கழுவியபடி அவள் கூடவே பாடினாள். இரண்டாம் பாட்டில் அவள் குரல் ஒருமுறை ஏறித் தாழ்ந்தது; பாட்டு நேராகப் போயிற்று. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. நாலாவதில், இரண்டாம் சரணத்தின் முடிவில், அவள் குரலை இறக்கி இறக்கி ஓய்ந்து, பழக்கப்படி காத்து நின்றாள். கைபேசி அவளைவிட்டு மூன்றாம் சரணத்துக்குப் போய்விட்டது.

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வாசலில் வந்து நின்றாள். கையிலிருந்து சவர்க்கார நுரை சொட்டியது.

"அப்பா, இதில சங்கிலி மாட்டவேணுமே."

ஹெக்டர் கைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பாட்டு போய்க்கொண்டிருந்தது. அவருடைய வலக்கால் மேசைக்குக் கீழே மெல்ல மிதிக்கத் தொடங்கியது, பிறகு நின்றது. தினுஷா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். எட்டுப் பாட்டும் முடியும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நௌபர் முதலில் ஏற்றியது நாற்பத்தைந்து நிமிடம் பத்து செக்கன். குழுவில் இப்போது உள்ளது நாற்பத்திரண்டு நிமிடம் முப்பது செக்கன். வித்தியாசம் இரண்டு நிமிடம் நாற்பது செக்கன்.