மாமனார் சேர்த்த ஒரு வரி

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவருக்குச் சீனியர் என்று பெயர். பதினேழு வருஷ உழைப்புக்குக் கிடைத்த பதவி அது ஒன்றுதான். அதையும் கொடுத்தது நாங்கள், கம்பெனி அல்ல. லிஃப்ட் போகிற சத்தத்தைக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கு இங்கே மதிப்பில்லை என்றுதான் வெளிநாட்டில் குடியேற விண்ணப்பித்தார்.

மொழிப் பரீட்சை, அனுபவச் சான்றிதழ் எல்லாம் தேறிவிட்டன. போய் இறங்கியதும் குடும்பத்தோடு சில மாதம் பிழைக்கப் பணம் இருக்கிறதென்று காட்ட வேண்டும். அது கடன் பணமாக இருக்கக் கூடாது. சீனியரின் சேமிப்பு முழுவதையும் அம்மாவின் வைத்தியம் தின்றுவிட்டது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், கைக்கு வந்த மொத்தப் பணத்தையும் இவர் கணக்கில் போட்டார். 'இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டாம்' என்று ஒரு கடிதமும் எழுதினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, மாப்பிள்ளையை யாரும் இளப்பமாக நினைத்துவிடக் கூடாதே என்று அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'என் மாப்பிள்ளை மானஸ்தர். நான் வேண்டாமென்றாலும் காசு பாக்கியில்லாமல் திருப்பித் தந்துவிடுவார்.'

சீனியர் அதைப் பார்க்காமல் அனுப்பவில்லை. என்னிடம்கூடக் காட்டினார்.

"கல்யாணமாகி பதினோரு வருஷம். இந்த மனுஷன் என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லப்பா. இதப் போய் எப்படி அடிக்கச் சொல்றது?"

நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

போன வாரம் நிராகரித்துவிட்டார்கள். திருப்பித் தருவதாக இருந்தால் அது கடன்தானாம். அடுத்த மாதம் சீனியருக்கு நாற்பது வயது. வயதுக்கான மதிப்பெண் குறையும். இனி எத்தனை முறை போட்டாலும் தேறாது.

மொட்டைமாடி மெஷின் ரூமில் வேலையாக இருந்தபோது மாமனார் கூப்பிட்டார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் சீனியர் ஸ்பீக்கரில் போட்டார். நிராகரித்துவிட்டதைச் சொன்னார்.

"லெட்டர்ல ஏதாவது கொறையா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. எனக்குத்தான் வயசு கூடிப்போச்சாம்."

"விடுங்க. உங்க தெறமைக்கு இங்கேயே நல்லா வருவீங்க."

"சரி மாமா."

வைத்ததும் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்.