சிவநேசன் வெட்டிய படங்கள்

சிவநேசனுக்குத் தன்னிடம் பிடிக்காதது ஒரு முன்பல்தான். இளவயதில் பட்டர்வொர்த்தில் மோட்டாரிலிருந்து விழுந்ததில் அது கறுத்துப்போனது. அதன் பிறகு யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், அவருடைய உதடுகள் தாமாக இறுகிக்கொள்ளும். கல்யாண ஆல்பத்தில் அப்படித்தான் இருக்கிறார். மகள் சாந்தினி பட்டம் வாங்கிய நாளிலும் அப்படித்தான். அடையாள அட்டையில் கேட்கவே வேண்டாம். போலீஸ்காரர் வழிமறித்துக் கேள்வி கேட்டது போன்ற முகம்.

வீட்டில் அவர் வேறு ஆள். சிரித்தால் தோள் குலுங்கும், கண்ணாடி மூக்கில் இறங்கும், அந்தக் கறுத்த பல் எல்லாப் பற்களையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். அந்தச் சிரிப்போடு குடும்பம் நடத்தியவள் நவமணி. போன மாசியில் நெஞ்சுவலி வந்து அவர் போனபோது, அவசரத்துக்கு அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கித் தலைமாட்டில் வைத்தார்கள். வந்தவர்கள் அதைக் கும்பிட்டார்கள். பிறகு அதுவே சாமி மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஏறிவிட்டது. காலையில் விளக்கேற்றும்போதெல்லாம் நவமணிக்கு யாரோ ஒருவர் வீட்டுக்குள் வந்து நிற்பது போலிருக்கும்.

ஆண்டுத் திதிக்குள் அவர் சிரிக்கிற படம் ஒன்று வேண்டும். அந்த ஓர் ஆசைதான் அவளுக்கு மிச்சமிருந்தது.

அவருடைய கைப்பேசியில் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் மற்றவர்கள். பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைக் கிடங்கில் சரக்கு இருப்பு எழுதும் வேலை அவருக்கு. சனி ஞாயிறுகளில் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் குழுவுக்கு நோட்டீஸ் அடித்துத் தருவார். முறையாகக் கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல. பவர்பாயிண்ட் ஒன்றை வைத்துக்கொண்டே நோட்டீஸ், பேனர், நன்றி அட்டை எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிடுவார். பக்கத்து வீட்டில் பலகாரம் விற்கிற சலேஹா, தன் பலகாரப் படங்களில் தட்டுக்குப் பின்னால் தெரியும் அழுக்குச் சுவரை எடுத்துத் தரச்சொல்லி அவரிடம்தான் வருவாள். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, எப்படி எடுப்பது என்றும் பாதி மலாயில் பாதி கையசைவில் சொல்லித் தருவார். "முதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்க. அசல்ல கை வைக்காத" என்பதுதான் எவருக்கும் அவர் சொல்லும் முதல் வார்த்தை.

குழுப் படங்களில் அவர் இருந்தால், நோட்டீஸில் வரும்போது இருக்க மாட்டார். ஓரமாகப் போய் நிற்பார்; அப்புறம் அந்த ஓரத்தை வெட்டிவிடுவார்.

"ஏங்க, உங்களையே வெட்டிக்கிறீங்க?" என்று நவமணி ஒருமுறை கேட்டாள்.

"நோட்டீஸ்ல தலைவர் இருந்தா போதும்லா. என் பல்லப் பாத்துட்டு மோர் குடிக்க வர்றவன் ஓடிட்டா?"

மார்கழி பிறந்ததும் நவமணி இணையத்திலும் தேடத் தொடங்கினாள். அவள் ஒரு பல்பொருள் கடையின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். கம்ப்யூட்டர் பயம் கிடையாது, ஆனால் தேடுவதில் அவர் அளவுக்குப் பொறுமையும் கிடையாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது காதில் கேட்டது. "நீளமா கேள்வி கேட்டா அதுக்கு என்ன தெரியும் மணி? பதில எழுதி வச்சவன் என்ன வார்த்த போட்டிருப்பான்னு யோசி. அத அடி."

பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டாள். பினாங்கு என்றும் தண்ணீர்ப்பந்தல் என்றும் சேர்த்தாள். உலகத்தில் இத்தனை சிவநேசன்கள் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்களில் ஈப்போவில் இருந்த ஒருவர் பல் மருத்துவர். திரும்பத் திரும்ப அவரே வெள்ளைப் பற்களோடு வந்து நின்றார். நவமணிக்குச் சிரிப்பு வந்தது. இதை இப்போது யாரிடம் சொல்வது? வேண்டாத வார்த்தைக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அது வராது என்று அவர் காட்டியிருந்தார். பல் மருத்துவரைக் கழித்தாள். எங்கிருந்தோ வந்த பயணி ஒருவர் தைப்பூசத்தன்று எடுத்துப் போட்டிருந்த படங்கள் வந்தன. ஒன்றில் மோர் அண்டாவுக்கு முன்னால் கட்டம் போட்ட சட்டையில் ஒரு முதுகு. அந்த முதுகை அவளுக்குத் தெரியும். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் முதுகு திரும்புவதாக இல்லை.

அந்த வாரம்தான் பந்தல் செயலாளர் குணாளன் கூப்பிட்டான். சிவநேசனைவிட வயதில் சின்னவன், அவருக்குத் தம்பி மாதிரி வளைய வந்தவன்.

"அக்கா, அண்ணன் போன வருஷம் செஞ்ச நோட்டீஸ் அவரு கம்ப்யூட்டர்ல இருக்கும்ல? தேதிய மட்டும் மாத்தி அனுப்புங்களேன். வேற யார்ட்ட கேக்கறதுன்னு தெரியல. நான் செஞ்சா தலைவர் தலைகீழா நிப்பாரு."

"அவரு நேரா நின்னாலும் அப்படித்தான்டா இருப்பாரு" என்றாள் நவமணி. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சிவநேசன் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

சனிக்கிழமை மதியம் மடிக்கணினியைத் திறந்தாள். தேதியை மாற்றினாள். புதுத் தேதி கொஞ்சம் நீளம், தலைவரின் படத்தில் இடித்தது. படத்தைச் சற்றுச் சின்னதாக்கலாம் என்று மேலே இருந்த பொத்தான்களில் ஒன்றை அழுத்தினாள். படம் சின்னதாகவில்லை. பக்கம் முழுவதும் விரிந்து எழுத்தை எல்லாம் மூடிக்கொண்டது.

"அலமாக்" என்று பதறிக் கையை எடுத்தவள் திரையை நோக்கிக் குனிந்தாள்.

தலைவருக்கு இடப்புறம், இதுவரை இல்லாத இடத்தில், சிவநேசன் நின்றார். வெயிலுக்குத் தலைவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிறுகூடத் தெரிந்தது. உதடுகள் வழக்கம்போல இறுக்கம். இருந்தாலும் அவர்தான். கொஞ்ச நேரம் அவள் கணினிக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு, அவர் சொன்னபடியே, பதிலில் இருக்கக்கூடிய வார்த்தைகளை யோசித்து அடித்தாள். பவர்பாயிண்ட், வெட்டிய பகுதி, திரும்பக் காட்டுவது. விஷயம் எளிமையானது. அதில் வெட்டினால் படம் வெட்டுப்படுவதில்லை, மறைக்கத்தான் படுகிறது. படத்தைத் தேர்ந்து வெட்டும் பொத்தானை அழுத்தினால், ஒதுக்கிய பகுதி மங்கலாகத் தெரியும். கோப்பின் கனத்தைக் குறைக்கிறேன் என்று படங்களைச் சுருக்கி, வெட்டிய பகுதிகளை நீக்கு என்ற கட்டத்திலும் குறி போட்டுச் சேமித்திருந்தால்தான் அது ஒரேயடியாகப் போகும்.

முதல் வேலையாக நோட்டீஸ் கோப்புகள் இருந்த அடைவு முழுவதையும் ஒரு காப்பி எடுத்து வைத்தாள். பிறகு ஒவ்வொரு கோப்பாகத் திறந்தாள்.

அவர் எந்தெந்தக் கோப்பை அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினார் என்பது தன்னாலேயே தெரிந்துவிட்டது. அவற்றில் படம் வெட்டிய கோட்டோடு முடிந்தது; வெளியே ஒன்றுமில்லை. கனத்தைக் குறைத்திருக்கிறார். அனுப்பாமல் கிடந்த வரைவுகளில்தான் அவர் இருந்தார். ஒன்றில் வெறும் முழங்கை. ஒன்றில் ஏணியில் நிற்கும் கால்கள், அவள் வாங்கிக் கொடுத்த செருப்போடு. ஒன்றில் பாதி முகம், கண்ணை மூடியபடி. தன்னைத்தானே இத்தனை தடவை தள்ளி வைத்திருக்கிறார் மனிதர் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. காபி ஆறிப்போனது.

காய்கறி நறுக்க ஆள் வேண்டும் என்று கேட்டு அவர் அடித்த நோட்டீஸ் ஒன்று இருந்தது. அதில் ஆள் யாரும் இல்லை, பூசணிக்காய்க் குவியல் மட்டும். அதில் என்ன இருக்கப் போகிறது என்று தாண்டிப் போனவள், திரும்பி வந்து பொத்தானை அழுத்தினாள்.

பூசணிக்காய்களுக்குப் பின்னால் சின்ன முக்காலியில் சிவநேசன் உட்கார்ந்திருந்தார், கையில் கத்தி. தலை பின்னால் சாய்ந்து, கண்ணாடி மூக்கில் இறங்கி, வாய் முழுக்கத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பல் முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் நவமணி, அவளும் சிரிப்பை அடக்க முடியாமல், விழாமலிருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டு. சுற்றிலும் பந்தல் பெண்கள். அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டுப் பூசணிக்காயை வைத்துக்கொண்டிருக்கிறார்!

நவமணி அழுது முடித்துவிட்டுக் குணாளனைக் கூப்பிட்டாள்.

"குணா, பூசணிக்கா நறுக்கின அன்னிக்கு உங்கண்ணன் எதுக்குடா அப்படிச் சிரிச்சாரு? படத்த நீதானே எடுத்த?"

அவன் யோசித்தான். "ஞாபகம் இல்லையேக்கா. அண்ணன் சிரிக்கறதுக்குக் காரணமா வேணும்? நான் ஏதாவது உளறியிருப்பேன்."

"என்ன உளறின? யோசிச்சுச் சொல்லு."

"நான் உளறினத எல்லாம் நானே ஞாபகம் வச்சிருந்தா தாங்குமாக்கா?" என்றான். பிறகு குரலை இறக்கி, "நெசமாவே தெரியலக்கா" என்றான்.

அவளுக்கும் ஞாபகம் வரவில்லை. அத்தனை பெரிய சிரிப்பு. அதற்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

படத்தை சிங்கப்பூரில் இருக்கும் சாந்தினிக்கு அனுப்பினாள். கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் மகள் திருப்பி அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். ஏதோ செயலியில் போட்டுத் தெளிவாக்கியிருந்தாள். தலைமுடி ஒவ்வொன்றாக எண்ணலாம். நவமணி பார்த்தாள். ஏதோ சரியில்லை.

"என்னம்மா, பாத்தீங்களா? சூப்பரா இல்ல?"

"பல்லு எங்கடி?"

"இருக்கேம்மா."

"வெள்ளையா இருக்கு. இது அந்த ஈப்போ டாக்டரு."

சாந்தினிக்கு எந்த டாக்டர் என்று புரியவில்லை. ஆனால் படத்தை மறுபடி பார்த்தவள், "ஐயோ, ஆமாம்மா, அதுவா ஒரு பல்ல வச்சிருச்சு" என்றாள். இருவரும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்கள். "மங்கலாவே இருக்கட்டும்மா" என்றாள் மகள்.

அடுத்த சங்கடம் சிவநேசனின் அக்காள் நல்லம்மாள். சுங்கை பாக்காப்பிலிருந்து தொலைபேசியில் பேசினாள். "படம் கிடைச்சது சந்தோசம் மணி. ஆனா கூட்டத்தோட மாட்டிறாத. இருக்கிறவங்க படத்துல மால விழக்கூடாது. அவன மட்டும் எடு."

அது நவமணிக்கும் தெரியும். பெண்களை வெட்டினாள். பூசணிக்காய்களை வெட்டினாள். கடைசியாகத் தன்னை வெட்ட வேண்டியிருந்தது. சுட்டியைப் பிடித்துக்கொண்டு தன் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோட்டை நகர்த்தினாள். முகம் போனது, தோள் போனது. ஆனால் கை போகவில்லை. அவர் தோள்மேல் நான்கு விரல்களும் இரண்டு வளையல்களும் இருந்தன. அதற்கு மேல் நகர்த்தினால் அவர் காதில் வெட்டு விழும்.

தேவையில்லாததைத் துடைத்தெடுக்கும் கருவி ஒன்றைச் சாந்தினி காட்டிக் கொடுத்திருந்தாள். ஒரு காப்பி எடுத்துக்கொண்டு விரல்கள்மேல் தேய்த்தாள். விரல்கள் மறைந்தன. அந்த இடத்தில் கருவி தானாகச் சட்டைத்துணியை நிரப்பியது. கட்டங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. தோள் ஒரு பக்கம் சரிந்து, கைத்தாங்கல் இல்லாத கிழவர் போல ஆனார். மறுபடி தேய்த்தாள். இன்னும் மோசம். அந்தக் காப்பியைச் சேமிக்காமல் மூடினாள்.

புலாவ் திக்குஸ் ஸ்டூடியோவில் இருந்த பெண் ஐனா, பெரிதாகப் போட்டால் படம் உடையும், அஞ்சலட்டை அளவுக்குத்தான் தாங்கும் என்றாள். அந்த அளவிலேயே போட்டுச் சட்டமிட்டு வாங்கி வந்தாள். சுவரில் அடையாள அட்டைப் படம் தொங்கிய ஆணியில் அது மிகவும் சின்னதாகத் தெரிந்தது.

திதிக்கு முதல் நாள் நல்லம்மாள் மாலையோடு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரிடம் போனாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பல்லப் பாரு பல்ல. எங்கம்மா எத்தன தடவ கட்டிக்கச் சொல்லிச்சு, கேட்டானா?" என்றாள். பிறகு இன்னும் குனிந்து பார்த்தாள்.

"இது யாரு கை?"

"என் கைதான்."

"மணி, நான் சொன்னேன்ல? உசுரோட இருக்கிறவ கை. சுமங்கலி வளையல் வேற. இது மேல மால போடலாமா? உனக்குத்தான் ஆகாது."

"எடுத்துப் பாத்தேன்க்கா. எடுத்தா அவரு சாயறாரு."

"கம்ப்யூட்டர்ல எல்லாம் முடியும்பாங்க."

"முடியுது. அவரு மாதிரி இல்ல." நவமணி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்தப் பழைய படத்தயே மாட்டச் சொன்னா மாட்டறேன். ஆனா இவர எடுத்து அலமாரிக்குள்ள வைக்க என்னால ஆகாதுக்கா. ஒரு வருஷமா தேடியிருக்கேன்."

நல்லம்மாள் தம்பியையும் அந்த விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டு, பையிலிருந்து மாலையை எடுத்துச் சட்டத்தின்மேல் பிடித்துப் பார்த்தாள். அது நேராக இறங்கித் தோளையும் கையையும் சேர்த்து மூடியது. வேண்டாம் என்று தலையாட்டி எடுத்துவிட்டாள். கீழே உட்கார்ந்து, நாரைப் பிரித்து, மாலையில் பாதியை உருவினாள்.

"கத்தரிக்கோல் குடு. மேல மட்டும் வர்ற மாதிரி கட்டறேன். உன் கை மேல ஒரு பூ படக்கூடாது, சொல்லிட்டேன்."

நவமணி கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உதிர்ந்த பூக்களைப் பொறுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.