பதிவு எண் வரும் என்று சொன்னேன்

இரண்டு ஆண்டுகள் என் அலுவலகத்தில் உழைத்த ஒரு பெண்ணின் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பயிற்சி ஒப்பந்தப் பத்திரத்தை நான் பதிவுக்கு அனுப்பவில்லை. மறந்துவிடவில்லை, தெரிந்தேதான் அனுப்பாமல் இருந்தேன். அவள் கேட்டபோதெல்லாம் அனுப்பியாகிவிட்டது என்றேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் சொல்லலாம் என்று வைத்தால், அதற்குள் எனக்குச் சாதகமாக ஏதாவது சேர்த்துவிடுவேன்.

எங்கள் தொழிலில் பரீட்சை எழுதினால் மட்டும் ஆடிட்டர் ஆகிவிட முடியாது. தொழில் நடத்தும் ஆடிட்டர் ஒருவரிடம் மூன்று ஆண்டு பயிற்சி பெற வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட பத்திரத்தை ஒரு மாதத்துக்குள் மெட்ராஸில் உள்ள ஆடிட்டர்கள் கழகத்துக்கு அனுப்பிப் பதிய வேண்டும். பதிவு எண் வராத பயிற்சி பயிற்சியே இல்லை. அந்த எண் இல்லாமல் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. கல்லூரியில் ஒதுக்கீடு உண்டு, அரசு வேலையில் உண்டு. இங்கே அப்படி எதுவும் கிடையாது. ஒரு ஆடிட்டர் மனது வைத்துப் போடும் கையெழுத்துதான் வாசல். அந்தக் கையெழுத்து சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் தணிக்கைக்கு வரும் கட்சிக்காரர் பிள்ளைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. என்னுடையதும் அப்படித்தான்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் உரக்கடை மாடியில் என் அலுவலகம். நெல் அரைவை மில்களும் ஜவ்வரிசி ஆலைகளும்தான் என் கட்சிக்காரர்கள். அங்கே அவள் அப்பாவோடு வந்தாள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலைக்கிராமம். அப்பா சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். அவள் பி.காம் முடித்து நுழைவுத் தேர்வும் தேறியிருந்தாள். சேலத்தில் நான்கு ஆடிட்டர்களைப் பார்த்து, இடம் கிடைக்காமல் வந்திருந்தார்கள். நான் ஓர் இருப்புநிலைக் குறிப்பைக் கொடுத்து அதிலுள்ள பிழையைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். நான் வைத்த பிழையையும் கண்டுபிடித்தாள், நான் அறியாமல் விட்டிருந்த இன்னொன்றையும் கண்டுபிடித்தாள்.

“சந்தையில யாவாரிங்க நோட்டுல இன்னா எழுதிக்கினு போறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. இவளுக்காவது தெரியட்டும்,” என்றார் அவள் அப்பா.

எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஒரு திங்கட்கிழமை பத்திரத்தில் கையெழுத்திட்டோம். வாரக்கடைசிக்குள் அனுப்பிவிடலாம் என்று எடுத்து வைத்தேன்.

எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. புளிய மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருப்பார்கள். பஸ் பாதியில் நிற்கும். என் சித்தப்பா மகன்களும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். எங்கள் வீடுகளில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். கோரிக்கையில் நியாயம் இருந்தது. நானும் மனுவில் கையெழுத்துப் போட்டேன். எங்களுக்கு இடம் கேட்ட அதே வாரத்தில்தான் நான் செய்ததைச் செய்தேன்.

புதன்கிழமை அவளை ஒரு நெல் மில்லுக்கு இருப்புப் பார்க்க அழைத்துப்போனேன். வழக்கமாக மில்காரர் மூட்டை அடுக்கின் முகப்பைக் காட்டுவார், நாங்கள் நீளம், அகலம், உயரம் எண்ணிப் பெருக்கிக்கொண்டு காபி குடித்துவிட்டு வருவோம். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுக்கின்மேல் ஏறிவிட்டாள்.

“இன்னா பொண்ணு, மலையேறிப் பழகுன காலா?” என்று மில்காரர் கீழேயிருந்து கேட்டார்.

“மலையில படி வெட்டி வெச்சிருக்கோங்க. உங்க மூட்டையில அதுவும் இல்ல,” என்றாள். பிறகு என்னிடம், “சார், நடுவுல குழியா இருக்குது. ரெண்டு வண்டி நெல்லு கம்மி.”

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். மில்காரரும் சிரித்தார். என்னை மட்டும் தராசுப் பக்கம் கூட்டிப்போனார்.

“ஏன் ஆடிட்டரே, நம்ம புள்ளைங்களுக்கு எடம் வோணும்னு ரோட்டுல குந்திக்கினு கீறோம். நீங்க மலைக்காரிக்கு எடம் போட்டுக் குடுத்துக்கினு கீறீங்க. வேலைக்கு வெச்சுக்கோங்க, வாணாங்கல. நாளைக்கு அதுவே ஆடிட்டர்னு வந்து நின்னா நாங்க எந்திரிச்சு நிக்கணுமா?”

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவிருக்கிறது. “அதெல்லாம் இல்லீங்க, சும்மா உதவிக்குத்தான்,” என்றேன்.

வாரம் முடிந்தது, பத்திரம் போகவில்லை. போராட்டம் அடங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாதக் கெடு முடிந்தது. அதற்குப் பிறகு அனுப்புவதென்றால், தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்று ஒரு கடிதம் எழுதிச் சேர்க்க வேண்டும். ஆடிட்டரின் விளக்கம் இருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். விதியில் இடம் இருந்தது. அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. இப்படி ஒரு வழி இருப்பதையும் அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் வேலை வாங்கினேன். என் அலுவலகத்தில் அவளைப் போல வேலை செய்தவர் யாரும் இல்லை. ஆறு மாதம் கழித்து அந்த மில்காரரின் அக்கா மகனைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டேன். அவன் பத்திரம் அன்றைக்கே தபாலில் போனது. உறைமேல் முகவரி எழுதியவள் அவள்தான். நாற்பது நாளில் அவனுக்கு எண் வந்தது.

“சார், எனக்கு இன்னும் வரலியே?”

“வரும்மா. மெட்ராஸ்ல எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்.”

அவளுக்குப் பின்னால் வந்தவனுக்கு எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கேள்வி, அதே பதில். இரண்டு ஆண்டு ஆனபோது இறுதிப் பரீட்சையைக் கணக்குப் போட்டுத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நின்றாள். இனி தள்ள முடியாது. அவள் சேர்ந்த மாதத்தில் நடந்த மறியலைச் சொன்னேன்.

“அப்போ மெயில் வண்டியக் கொளுத்திட்டாங்கம்மா. அதுல போயிருக்கும் போல. நீயே பாத்தியே, ஊரே எரிஞ்சுது.”

எந்த வண்டியும் எரியவில்லை. என் தெருக்காரர்கள், என் சொந்தக்காரர்கள், எதற்காக ரோட்டில் உட்கார்ந்தார்களோ அதை என் பொய்க்கு மறைப்பாக இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“அப்போ திரும்ப முதல்லருந்தாங்க சார்?”

“ஆமாம்மா.”

அவள் நாற்காலிக்குத் திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தாள். இரண்டு மாதம் வந்தாள். பிறகு ஒருநாள் அலமாரிச் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். என் மனதில் அன்று எழுந்தது வருத்தம் இல்லை. ‘அப்பாடா’ என்றிருந்தது.

அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேல் நல்ல ஆடிட்டர் என்ற பெயரோடு இருந்தேன். பழி மில்காரருடையது, அவர் பிழைப்பைக் கெடுத்துவிடுவார் என்று பயந்தேன், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிழவராகியிருந்தார். சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

“அந்த மலைக்காரப் பொண்ணு ஒண்ணு இருந்துதே, மூட்டை மேல ஏறிச்சே, அது ஆடிட்டர் ஆயிடுச்சா? கெட்டிக்காரப் பொண்ணுங்க அது.”

“நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?”

“நானா? எப்போ? தோ பாருங்க, நான் வாய்க்கு வந்தத ஆயிரம் சொல்லுவேன். கையெழுத்து நீங்கதானே போடுறீங்க?”

இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அடுத்த வாரம் வெள்ளிமலை பஸ் ஏறினேன்.

அவள் மலைவிளைபொருள் வாங்கி விற்கும் ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்தாள். புளி எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஸ்டூல் எடுத்துப் போட்டு, டீ சொன்னாள். எடை முடியும்வரை காத்திருந்தேன். நரைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

“தபால் எரிஞ்சுதுன்னு சொன்னது பொய்ம்மா. நான் அனுப்பவே இல்ல.”

“தெரியுங்க சார்.”

“எப்படி?”

“நம்ம ஆபீஸ் தபால் நோட்டப் பாத்தேன். போன தபாலு ஒவ்வொண்ணும் அதுல ஏறணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. நான் சேந்த மாசத்துல என் பேருக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எரிஞ்சுச்சுன்னு சொன்ன அன்னிக்கே பாத்துட்டேன்.”

“அப்புறம் ஏம்மா கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசம் குந்திக்கினு இருந்தேன்.”

டீ வந்தது. வாங்கிக் கீழே வைத்தேன். இனியாவது ஏதாவது செய்ய அனுமதிக்க வேண்டும் என்று கேட்டேன். மலையிலிருந்து பி.காம் படித்த பிள்ளைகள் இருந்தால் என்னிடம் அனுப்பச் சொன்னேன். அன்றைக்கன்றே பதிவு செய்துவிடுவேன் என்றேன்.

“உங்ககிட்ட அனுப்ப மாட்டேங்க சார். கோவமில்ல. பயம்,” என்றாள். “இப்ப சொன்னத எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு.”

கையெழுத்தின் விலை எனக்குத் தெரியும். அந்தத் தாள் ஆடிட்டர்கள் கழகத்துக்குப் போனால் என் தொழில் உரிமம் போகலாம். வீட்டில் யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் அங்கேயும் அவகாசம் கேட்டேன். மூன்று வாரம் கழித்து எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். வாசித்தவள் ஒரு வரியில் விரலை வைத்தாள். ‘அப்போதைய சூழ்நிலை காரணமாக’ என்று எழுதியிருந்தேன்.

“சூழ்நிலைன்னா யாருங்க சார்?”

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து வேறு தாளில் எழுதினேன். ‘நான் அனுப்பவில்லை. அனுப்பியதாகப் பொய் சொன்னேன்.’ கையெழுத்திட்டுத் தேதியும் போட்டேன். இப்போதும் வேறொருவரிடம் புதிதாகப் பதிந்து பரீட்சை எழுதலாமே என்று மெதுவாகக் கேட்டேன். “இந்த வருச மரவள்ளிக்கு வெல கெடைக்குதான்னு பாக்கணும் சார்,” என்று சொல்லிவிட்டாள்.

அந்தத் தாளை அவள் கழகத்துக்கு அனுப்பவில்லை. எனக்குத் தெரிந்த ஆடிட்டர்கள் எல்லோருக்கும், மலைப் பட்டதாரிகளைப் பயிற்சிக்கு எடுக்கும்படி நான் கடிதம் எழுதினேன். பெரும்பாலோர் ‘பார்க்கலாம்’ என்றார்கள். சேலத்தில் ஒருவரும் ஆத்தூரில் ஒருவரும் சம்மதித்தார்கள். அவர்கள் முகவரியை அவளுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் போனார்கள். போகிற ஒவ்வொருவரிடமும் என் தாளின் நகல் ஒன்றைக் கொடுத்து, நாற்பது நாளுக்குள் எண் வரவில்லையென்றால் நேரே மெட்ராஸுக்குப் போய்க் கேட்கச் சொல்லி அனுப்பினாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர்களில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். ஒருவர் தேறி ஓசூரில் இருக்கிறார்.

போன ஆண்டு, தொழிலை விட்டுவிட்ட பிறகு, கள்ளக்குறிச்சியில் ஒரு வங்கிக்கு டெபாசிட் புதுப்பிக்கப் போயிருந்தேன். தணிக்கை நடந்துகொண்டிருந்தது. ஆத்தூர் ஆடிட்டர் அலுவலகத்துப் பயிற்சிப் பெண் ஒருத்தி கோப்புகளோடு உட்கார்ந்திருந்தாள். மேலாளர் என்னைப் பழைய ஆடிட்டர் என்று அறிமுகப்படுத்தி, என் பெயரைச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“‘நான் அனுப்பவில்லை’ன்னு லெட்டர் எழுதிக் குடுத்தவரா நீங்க?”

“ஆமாம்மா.”

மேலாளரிடம் அடுத்த கோப்பைக் கேட்டாள். நான் என் டோக்கனோடு வரிசையில் போய் நின்றேன்.