திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சாட்சி

பஸ்ராவின் எண்ணெய் வியாபாரி ஹுரைஸ் நபிமொழி சொன்னால் ஓர் எழுத்துக்கூடப் பிசகாது என்பது ஊரறிந்த விஷயம். தான் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று வரிசை தப்பாமல் சொல்வார். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் போதும், "தெரியல" என்று சொல்லிவிடுவார். அதற்கு வெட்கப்படாத மனிதர். பாழாய்ப்போன முதுமை அவரிடமிருந்து முதலில் பிடுங்கிக்கொண்டது அந்த வார்த்தையைத்தான்.

மகன் கொள்ளைநோயில் போனதிலிருந்து அவருக்கு எல்லாம் குழம்பியது. செத்தவனைச் சாப்பிடக் கூப்பிடுவார். மகள் உனைஸா அதை வெளியே தெரியாமல் காத்தாள். நபிமொழி கேட்க வந்தவர்களை, "இன்னிக்கு முடியாது" என்று வாசலோடு அனுப்பினாள்.

அன்று அவள் தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்குள் கூஃபாவிலிருந்து நபிமொழி சேகரிக்க வந்த இருவர் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். மூத்தவன் ஸுர்ஆ. சொன்னவர்கள் வரிசையில் பொய்யாக ஒரு பெயரைச் செருகி ஆளைச் சோதிக்காமல் எதையும் எழுத மாட்டான். உனைஸா திரைக்குப் பின்னால் நின்றாள்.

"பெரியவரே, இந்த நபிமொழிய உங்களுக்குச் சொன்னது துஜைன்தானே?"

"ஆமா ஆமா, துஜைன்தான். தங்கமான மனுஷன்."

அது பொய் என்று உனைஸாவுக்குத் தெரியும். அவளுடைய வாப்பா பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர் துஜைன்.

ஸுர்ஆ தோழனைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டியா? இவரப் போய் ஞாபகத்துல மலைன்னாங்க! பொய்யர்னு எழுது. இவர் சொன்ன அத்தனையும் கிழிச்சுப் போடு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் வாப்பா ஆயுசு முழுக்கக் காத்தது அத்தனையும் குப்பைக்குப் போகும். திறந்தால் அவர் மானம் போகும்.

"அவர் பொய்யர் இல்ல!" என்று கத்திவிட்டாள். "புத்தி கலங்கிப்போச்சு. தம்பி கொள்ளைநோயில மௌத்தான நாள்லேருந்து. அதுக்கு முந்திச் சொன்னதெல்லாம் சுத்தம், எடுத்துக்கோங்க. பிந்திச் சொன்னத விட்டுடுங்க. ரெண்டையும் பக்கத்துல இருந்து கேட்டவ நான்."

பெற்றவரை அவர் காதுபடவே புத்தி கெட்டவர் என்று சொன்ன வாய் வெந்துபோகட்டும் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஸுர்ஆவின் சிரிப்பு நின்றது. "மன்னிச்சுக்கோம்மா. ஆனா நீ ஒருத்திதானே சாட்சி? உன்ன நம்பலாம்னு சொல்ல யாரு இருக்கா?"

திரையையே பார்த்துக்கொண்டிருந்த ஹுரைஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தக் குரல ரொம்ப காலமாக் கேக்குறேன். பொய் சொன்னதே இல்ல. அவ சொன்னத அப்படியே எழுதிக்கோ."

"அவங்க யாரு பெரியவரே?"

ஹுரைஸ் யோசித்தார்.

"தெரியல" என்றார்.