தொடச் சொன்ன செம்புத் தகடு

ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு கம்பெனியில் எனக்கு வேலை. விருதுநகர்ப் பக்கம் ஓர் அருங்காட்சியகத்தில் கும்மிப்பாட்டுப் பாட கம்பெனிப் பெண்கள் சேர்ந்த எங்கள் பாட்டு செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசல் சுவரில் பழைய செப்பேடு ஒன்று மாட்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் வரிசையாக அதில் உள்ளங்கையை வைத்துவிட்டு உள்ளே போனோம்.

"ஏம்மா, தொடாதீக!" என்று காவலாளி கத்தினார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "கம்பெனியில வெடிமருந்து ரூமுக்குள்ள போகும்போது செம்புத் தகட்டைத் தொட்டுத்தாங்க போவோம். உடம்புல உள்ள கரண்டு இறங்கலேன்னா தீப்பிடிச்சிரும். அதான், கை தானா போயிருச்சு" என்றேன்.

அடுத்த முறை பாடப் போனபோது, மேடைப் படியருகே புதுச் செம்புத் தகடு பதித்திருந்தார்கள்.

"உங்களுக்குத்தாம்மா. தொட்டுட்டு ஏறுங்க" என்றார் அதே காவலாளி.

எதையும் தொடக் கூடாத அந்தக் கட்டடத்தில், உள்ளங்கையை அழுத்திப் பதித்தேன். கம்பெனியில் தகட்டைப் பயத்தோடு தொடுவேன். அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து தொட்டேன்.