மாடியில் டிஷ், கீழே அக்கா

அக்காவின் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவர் வழியாக நாள் முழுவதும் யாராவது அழுதுகொண்டே இருந்தார்கள். மருமகள் அழுவாள், பிறகு மாமியார் அழுவாள். நடுவில் விளம்பரத்தில் மட்டும் எல்லோரும் சிரிப்பார்கள். தமிழ் சீரியல்கள். டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், எங்களைத் தவிர எல்லோரும் வங்காளிகளாக இருக்கும் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில், காலைக் காபி முடிந்ததும் தொடங்கும் அழுகை இராச்சாப்பாட்டுக்குத்தான் ஓயும்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். எண்பதைத் தாண்டிவிட்டாள். அவளை இங்கே வரவழைத்தவன் நான். என் மனைவி படுத்த படுக்கையானபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருநெல்வேலிக்குப் போன் செய்து, "ரெண்டு மாசம் வந்து இருந்துட்டுப் போக்கா" என்றேன். கணவரை இழந்து, பிள்ளை குட்டி இல்லாமல், வாடகை வீட்டில் தனியாக இருந்தவள் மறுபேச்சில்லாமல் ரயிலேறி வந்தாள். இரண்டு மாதம் இரண்டு வருடமாக நீண்டது. என் மனைவியைத் தூக்கி உட்காரவைத்து, ஊட்டி, துடைத்து, தலை வாரிவிட்டதெல்லாம் அவள்தான். நான் மருந்து வாங்கி வருவேன், டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசுவேன், அவ்வளவுதான். மனைவி போனபின் அக்கா திரும்பிப் போவதற்கு அந்த வாடகை வீடும் இல்லை. "இங்கயே இரு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு அவளிடம் நான் அதிகம் பேசவில்லை.

துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் என்ஜினியராக இருந்தவன். என்னிடம் பேச்சு என்றால் வேலை சம்பந்தப்பட்டது. மனைவி இருந்தவரை வீட்டுப் பேச்செல்லாம் அவள் பொறுப்பு. அக்காவுக்கு வங்காள மொழியில் தெரிந்தது 'கொத்தோ' என்ற ஒரே வார்த்தை. காய்கறிக்காரரிடம் விலை கேட்க அது போதும். அவர் சொல்லும் பதில் அவளுக்குப் புரியாது. ஆக அவளோடு தமிழில் பேசுவதற்கு இந்த ஊரில் இருந்தவை இரண்டு: நான், டி.வி. நான் பேசவில்லை. அவள் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினாள்.

அது பின்புறம் பெருத்த பழைய டி.வி. என் மனைவி ஆசைப்பட்டு வாங்கியது. மகள் பெங்களூரிலிருந்து தட்டையான டி.வி. ஒன்றை அனுப்பியதும் அது அக்காவின் அறைக்குப் போயிற்று. இரண்டுக்கும் தனித்தனி கேபிள் இணைப்பு இருந்தது. ஒருநாள் நான் அக்காவிடம், "கட்டணமெல்லாம் ரொம்ப ஏத்திட்டாங்க. மாசாமாசம் காசு கட்டாம இலவசமா வர்ற டிஷ் ஒண்ணு இருக்கு, உனக்கு அதைப் போட்டுடுறேன்" என்றேன். கட்டணம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த அழுகைச் சத்தம் எனக்கு ஆகவில்லை. இலவச டிஷ்ஷில் தனியார் தமிழ் சேனல்கள் வராது, அரசாங்கத்தின் தமிழ் சேனல் ஒன்றுதான் வரும் என்று கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அதைச் சொன்னேன்.

"செலவுன்னா வேண்டாம்டே. எனக்கு எது வந்தாலும் சரிதான்" என்றாள்.

கரியாஹாட்டிலிருந்து கடைக்காரர் வந்து மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டு டிஷ்ஷின் தட்டை நிறுத்தினார். கீழே பெட்டியை வைத்து, பழைய டி.வி.யின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைச் செருகினார். டி.வி.யின் ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டதால், முன்பக்கம் ஏ.வி. என்று எழுதிய பொத்தானை ஒவ்வொரு முறையும் எழுந்து போய் அமுக்க வேண்டும். அக்காவுக்கு அடையாளம் தெரிவதற்காக அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினேன். அன்று அவளுக்காக நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

தமிழ் சேனலில் செய்தியும் வயலும் வாழைக்கன்றும் வந்தன. கொஞ்ச நாள் அதைப் பார்த்தாள். பிறகு டிஷ் பெட்டியோடு வந்த ரிமோட்டை அமுக்கி அமுக்கி எங்கெங்கோ போனாள். இந்தி பஜனை, வங்காளிச் சமையல், மல்யுத்தம். கடைசியில் ஒரு போஜ்புரி மொழிச் சினிமா சேனலில் போய் நின்றாள். ஒரு சொல் புரியாது. கதையை அவளே சொல்லிக்கொள்வாள்.

"இந்தப் பய அம்மைக்குத் தெரியாம தாலி கட்டிட்டாம்டே" என்பாள், சாதம் போடும்போது. "மாமன்காரன் துப்பாக்கிய எடுத்துட்டு வாரான். கடைசில பாத்தா அவந்தான் இவனுக்கு அப்பனாம்."

"அவன் பேசுறது உனக்கு எப்பிடிப் புரிஞ்சுது?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா? உன் மூஞ்சியப் பாத்து நான் எல்லாம் தெரிஞ்சுக்கிடலியா?"

நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

இந்த வருடம் கோடையில் ஒரு சாயங்காலம் புயற்காற்று அடித்தது. கால்போய்ஷாகி என்று இங்கே சொல்வார்கள். கோடையில் வானம் திடீரென்று இருண்டு, தூசியைக் கிளப்பி, மரக்கிளைகளை முறித்துப்போட்டுவிட்டுப் போய்விடும். மறுநாள் அக்காவின் டி.வி.யில் நீலத்திரைதான் இருந்தது. சிக்னல் இல்லை. மாடியில் தட்டு முகம் திரும்பி யார் வீட்டு ஜன்னலையோ பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "கால் ஆஷ்சி, மெஷோமோஷாய்" என்றார். நாளைக்கு வருகிறேன், மாமா. அடுத்த நாளும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த நாளும்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நீலத்திரையைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நான் மாடிக்குப் போனேன். கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் கிரேன்களைப் பார்த்துக்கொண்டவன், ஒரு தட்டைத் திருப்ப மாட்டேனா என்ற எண்ணமும் இருந்தது.

தட்டைத் திருப்புவது ஒற்றை ஆள் வேலை இல்லை. மேலே ஒருவர் ஒரு நூல் அளவு திருப்ப வேண்டும். கீழே ஒருவர் திரையைப் பார்த்து வந்ததா, இல்லையா என்று சொல்ல வேண்டும். திருப்பியதும் படம் வந்துவிடாது. சற்றுப் பொறுக்க வேண்டும். நான் மாடியிலிருந்து அக்காவின் பொத்தான் போனுக்கு அழைத்தேன்.

"படம் வருதாக்கா?"

"வரல்ல."

கொஞ்சம் கிழக்கே திருப்பினேன். "இப்ப?"

"நீலமாத்தான் கெடக்கு. எலேய், கொடியில என் சீல காஞ்சிட்டா பாரு."

"காஞ்சிட்டு. டி.வி.யப் பாரு."

"பாத்துட்டுத்தான இருக்கேன். அங்கன வெயிலு எப்பிடி? தலையில துண்டு போட்டிருக்கியா?"

துண்டு போட்டிருக்கவில்லை. போட்டிருக்கிறேன் என்றேன். தட்டை இன்னும் கொஞ்சம் தூக்கினேன். அந்தச் சற்றுப் பொறுக்கும் நேரத்தையெல்லாம் அக்கா பேச்சால் நிரப்பினாள். மாடியிலிருந்து பக்கத்து ஏரி தெரிகிறதா என்று கேட்டாள். மரங்கள்தான் தெரிகின்றன என்றேன். என்ன மரம் என்றாள். "சின்னதுல மச்சுல ஏறிட்டு இறங்கத் தெரியாம நின்னு அழுவியே, இப்ப இறங்கிருவியா, ஆள் அனுப்பணுமா?" என்று சிரித்தாள். எனக்கே சிரிப்பு வந்தது. என் மனைவி கடைசிக் காலத்தில் அவளிடம் மட்டும் சொன்ன ஏதோ ஒரு வேடிக்கையைச் சொல்லத் தொடங்கினாள். நடுவில் ஒரு ரயில் போன சத்தத்தில் அது கேட்காமல் போயிற்று. திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கலாம். "படம் வந்துதா, அதச் சொல்லு" என்றேன்.

"வரல்லியே" என்றாள்.

இப்படியே போயிற்று. என் நிழல் காலடிக்கு வந்துவிட்டது. முழங்காலில் பழைய வலி பிடித்துக்கொண்டது. தட்டைத் தொட்டால் சுட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வரலாமென்று, போனைக் காதிலிருந்து எடுக்காமலே படியிறங்கினேன். கதவு திறந்திருந்தது. அக்காவின் அறை வாசலில் நின்றேன்.

டி.வி.யில் படம் ஓடிக்கொண்டிருந்தது. பளிச்சென்ற படம். சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தாள். மீசைக்காரன் ஒருவன் கரும்புக்காட்டில் வாயசைத்துப் பாடிக்கொண்டிருந்தான். அக்கா அதற்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்தபடி, "இன்னும் வரல்லியே தம்பி" என்றாள். அந்தக் குரல் எனக்கு அறையிலிருந்தும் கேட்டது, காதில் இருந்த போனிலிருந்தும் கேட்டது.

நான் அப்போது சொன்னதை எழுதத்தான் வேண்டும். "உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? எனக்கு அங்க உயிர் போகுது, நீ இங்க கதை பேசிட்டிருக்க. உன்னை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்ததே நான் செஞ்ச தப்பு." கத்தித்தான் சொன்னேன். கீழ்வீட்டு வங்காளியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் அப்புறம் அவர் முகத்தில் என்னால் விழித்திருக்க முடியாது.

அக்கா போனை மடியில் வைத்தாள். "வெயில்ல நின்னுட்டு வந்திருக்க. மோர் இருக்கு, குடி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் டி.வி.யைப் போடவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள். சமைத்தாள், துணி மடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சாதம் போடும்போது எந்தப் பயலும் யாருக்கும் தாலி கட்டவில்லை. 'டே' என்பதும் போய்விட்டது. 'சாப்பிட வாப்பா' என்று யாரோ ஒரு பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். நான் விரும்பிய அமைதி முழுதாகக் கிடைத்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தமாவது வருமா என்று படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

லேக் மார்க்கெட்டுக்குப் போய் அவளுக்குப் பிடித்த நேந்திரம் சிப்ஸ் வாங்கி வந்தேன். வாங்கி டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். "பழைய இணைப்பையே திரும்பப் போட்டுடுறேன்க்கா, சீரியல் எல்லாம் வரும்" என்றேன்.

"வேண்டாம்பா. செலவு" என்றாள்.

நான் சொன்ன பொய்யைத்தான் திருப்பிக் கொடுத்தாள். குத்திக்காட்டினாளா, நம்பித்தான் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு நன்றாக வரும் மொழிகள் மூன்று. ஒன்றிலும் அதை நான் சொல்லிப் பழகவில்லை.

நேற்று சாயங்காலம் மறுபடி மாடிக்குப் போனேன். ஸ்பேனர் எடுத்துப் போகவில்லை. ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. தட்டின் கம்பத்தைப் பிடித்துச் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவள் போனுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"படம் வருதாக்கா?" என்றேன்.

ஏதோ ஒரு வீட்டில் அந்தி விளக்கேற்றிச் சங்கு ஊதினார்கள்.

"வருது. நல்லாத் தெளிவா வருது. இருட்டப் போகுது, பாத்துக் கீழ வா" என்றாள்.

இறங்கி வந்தேன். அவள் அறையில் விளக்குகூடப் போட்டிருக்கவில்லை. டி.வி. கறுப்பாக இருந்தது. பிடுங்கிய ப்ளக் பிடுங்கியபடியே தொங்கியது. கட்டிலில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த முழங்கால் வலியோடு நான் மாடியில் நிற்க வேண்டாம், கீழே வந்தால் போதும் என்று நினைத்துத்தான் படம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

"செலவுக்காக இல்லக்கா அந்த இணைப்ப எடுத்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கல" என்றேன்.

"தெரியும்" என்றாள். "ஒத்தச் செங்கல் சுவரு. அந்தப் பக்கம் நீ தும்முனா எனக்குக் கேக்கும். நீ தலையில அடிச்சுக்கிடுதது கேக்காதா?"

"பெறகு ஏன் சத்தத்தக் குறைக்கல?"

"நீ வந்து சத்தம் போடுவேன்னுதான். சண்டை போடவாவது வருவேல்லா?"

"அன்னைக்கு நான் சொன்னது தப்புக்கா" என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சற்றுக் கழித்து, "ப்ளக்க மாட்டு. அந்தப் பய அம்மை செத்தாளா பிழைச்சாளான்னு பாப்பம்" என்றாள்.

மாட்டினேன். எழுந்துபோய் பிளாஸ்திரி ஒட்டிய பொத்தானை அமுக்கினேன். நீலத்திரை வந்தது. சிக்னல் இல்லை. மாடியில் நான் கம்பத்தைப் பிடித்துச் சாய்ந்தபோது தட்டு அசைந்திருக்க வேண்டும்.

அக்கா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கம்பத்தில் நான் சாய்ந்ததை அவளிடம் சொன்னேன். முதலில் தோள் குலுங்கியது, பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. "துறைமுகத்துல கப்பலு எப்பிடிடே மூழ்காம இருந்துது?" என்றாள்.

'டே' வந்துவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "இப்பவே போ. டார்ச்ச எடுத்துக்கோ, துண்டையும் எடுத்துக்கோ, பனி விழும்" என்றாள். கோடையில் எங்கே பனி? எடுத்துக்கொண்டேன்.

ஸ்பேனரும் டார்ச்சுமாக மறுபடி படியேறினேன். பாதிப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மீண்டும் ஏறினேன். மாடியில் காற்று இருந்தது. தட்டை ஒரு நூல் திருப்பிவிட்டு அழைத்தேன்.

"வருதாக்கா?"

"வரல்லடே."

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். "சரி, இருக்கட்டும்" என்றேன். "அன்னைக்கு ரயிலு போகும்போது அவ கடைசிக் காலத்துல உன்கிட்ட மட்டும் சொன்னதா ஏதோ சொல்ல வந்தியே, அது என்னது?"